பிரான்சின் நடுமலைப் பகுதியில் தனியாகப் பைக் பயணம்: பத்து நாளை எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: செப்டம்பரில் பத்து நாள் விடுப்பு இருக்கிறது, சென்னையிலிருந்து பாரிஸ் வந்து, வாடகைக்கு ஒரு பைக் எடுத்து, கிராமங்கள் வழியாகத் தனியாக நீஸ் வரை போய்த் திரும்ப நினைக்கிறீர்கள், பிரெஞ்சு தெரியாது, இது நடக்குமா, தனியாகப் போவது ஆபத்தா என்று கேட்கிறீர்கள். நடக்கும். பிரெஞ்சு தெரியாதது பெரிய தடையும் இல்லை. ஆனால் நீஸை மட்டும் விட்டுவிடுங்கள். பாரிஸிலிருந்து நீஸுக்கு விரைவுச்சாலையிலேயே 900 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கிராமச் சாலைகளில் போனால் தூரம் இன்னும் கூடும், சராசரி வேகமோ மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. போய்த் திரும்புவதற்குள் பத்து நாளும் கரைந்துவிடும். வழியில் எந்த ஊரிலும் நின்று ஒரு காபி குடிக்கக்கூட நேரம் இருக்காது.

நான் பல ஆண்டுகளாக லியோனில் வசிக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது தனியாகப் பைக்கில் மேற்கே மலைகளுக்குள் போய்விடுவேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்தில் லியோன் வந்துவிடுங்கள். இங்கே பைக்கை எடுத்துக்கொண்டு, மாசிஃப் சென்ட்ரால் எனப்படும் நடுமலைப் பகுதியை ஒரு வட்டமாகச் சுற்றி, மறுபடியும் இங்கேயே வந்து சேருங்கள். வட்டம் 1,200 முதல் 1,400 கிலோமீட்டர் வரை வரும். நாளுக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் ஓட்டினால் போதும், மழைக்கு ஒரு நாளை ஒதுக்கி வைக்கவும் முடியும்.

இந்தப் பகுதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். பிரான்சின் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை மக்கள் மிகக் குறைவாக வாழும் ஒரு பட்டை சரிவாக ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘வெறுமையின் மூலைவிட்டம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். நடுமலைப் பகுதியின் பெரும்பகுதி இந்தப் பட்டைக்குள் வருகிறது. அதில் லோசேர் என்ற மாவட்டத்தில் இன்று வாழ்பவர்கள் ஏறக்குறைய 77,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு 15 பேர்தான். பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். ஆனால் 1851-இல் அதே மாவட்டத்தில் 1,44,000 பேர் இருந்தார்கள். பிழைப்பைத் தேடி நகரங்களுக்குப் போனவர்கள் போக, இருந்த இளைஞர்களில் பலரை முதல் உலகப் போர் கொண்டுபோனது. எவ்வளவு சிறிய ஊரானாலும் தேவாலயத்துக்கு அருகில் ஒரு கல்தூண் நிற்கும். அதில் 1914 முதல் 1918 வரை இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை வரும். எதிரே இருக்கும் வீடுகளை எண்ணினால், சில ஊர்களில் பெயர்கள் வீடுகளைவிட அதிகமாக இருக்கும். பைக்கை நிறுத்தியதும் நான் முதலில் போய் நிற்பது அந்தத் தூணுக்கு முன்னால்தான்.

ஆக, ஊர் காலியாகிவிட்டது, சாலை அப்படியே இருக்கிறது. டி என்ற எழுத்தில் தொடங்கும் எண்களைக் கொண்ட மாவட்டச் சாலைகளை அந்தந்த மாவட்ட மன்றம்தான் பராமரிக்கிறது. 2006-இல் பழைய தேசியச் சாலைகளில் பெரும்பகுதி மாவட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படித்தான் மியோ நகரம் வழியாகப் போகும், ‘N 9’ என்ற எண்ணுள்ள பழைய தேசியச் சாலை டி 809 ஆனது. அதற்கு இணையாக ஏ 75 என்ற விரைவுச்சாலை இருப்பதால் லாரிகளெல்லாம் அதில் போய்விடுகின்றன, மலைச் சாலை உங்களுக்கு மிச்சமாகிறது. ஓரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட மைல்கல்லைப் பார்த்தால் மாவட்டச் சாலையில் இருக்கிறீர்கள் என்று பொருள். செல்பேசியின் வழிகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். அது எப்போதும் நேரத்தை மிச்சப்படுத்தவே பார்க்கும். மிஷ்லன் நிறுவனத்தின் வட்டார வரைபடம் ஒன்றை வாங்குங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டு கிலோமீட்டர். அழகான சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு இழுத்திருப்பார்கள். மஞ்சள் சாலை, ஓரத்தில் பச்சைக் கோடு என்று தேடிப் போனால் ஏமாற்றம் இருக்காது.

அதே வெறுமைதான் உங்கள் முதல் சிக்கலும். ஆள் இல்லாத இடத்தில் கடை இருக்காது, பெட்ரோல் பங்க்கும் இருக்காது. இருக்கும் சில பங்க்குகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்க மாட்டார்கள். வங்கி அட்டையைச் செருகி நாமே நிரப்பிக்கொள்ளும் எந்திரம் மட்டும்தான். ஒரு ஞாயிறு மாலை, டாங்கின் எச்சரிக்கை விளக்கு எரிந்து 40 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, இப்படியோர் எந்திரத்தின் முன் நின்றேன். அது என் அட்டையை மூன்று முறை திருப்பித் தந்தது. அடுத்த பங்க் மலைக்கு அந்தப் பக்கம். அரை மணி நேரம் கழித்து, தன் சிறிய காருக்கு டீசல் போட ஒரு மூதாட்டி வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் நிலைமையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் அட்டையைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டி, பெட்ரோல் குழாயை என் கையில் கொடுத்தார். நான் பையைக் கொட்டி 14 யூரோவை நாணயமும் நோட்டுமாக எண்ணித் தந்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து டாங்கு பாதிக்கு வந்தால் நிரப்பிவிடுவது என் வழக்கம். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளையும், கொஞ்சம் ரொக்கத்தையும் வைத்திருங்கள். எந்திரம் முதலில் 100 யூரோவுக்கு மேல் ஒரு தொகையை அட்டையில் பிடித்து வைத்துவிட்டு, பிறகு உண்மையான தொகையை மட்டும் எடுக்கும். கணக்கில் அந்த அளவுக்கு இருப்பு இல்லாவிட்டால் பெட்ரோல் வராது. பங்க்கில் ‘கசோல்’ என்று எழுதியிருப்பது டீசல். பெயரைப் பார்த்துக் குழம்பி அதைப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது 95 அல்லது 98 என்ற எண்ணுள்ள குழாய்.

அடுத்தது கடிகாரம். கிராமத்தில் பகல் 12 மணி என்றால் எல்லாம் மூடிவிடும். கடை, ஊராட்சி அலுவலகம், பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் 2 மணிக்கு மேல்தான் திறக்கும். உணவகம் மட்டும் அந்த இரண்டு மணி நேரம் இயங்கும். ஒன்றரை மணிக்கு மேல் போனால் சமையலறையை மூடிவிட்டோம் என்று சொல்லிவிடுவார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் முட்டை பொரித்துக்கூடத் தர மாட்டார்கள். ஆகவே 12 மணிக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். வாசலில் கரும்பலகையில் அன்றைய உணவை எழுதி வைத்திருப்பார்கள். வெளியே கட்டட வேலைக்காரர்களின் வண்டிகள் நிற்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். எந்தக் கடைக்குள் கால் வைத்தாலும் முதல் சொல் ‘பொன்ஜூர்’ என்றுதான் இருக்க வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. அதைச் சொல்லிவிட்டால் மீதியைக் கை சாடையில் முடித்துக்கொள்ளலாம். சைவ உணவுதான் என்றால் கிராமத்தில் சிரமம் உண்டு, ரொட்டிக்கடையையும் வாரச் சந்தையையும் நம்ப வேண்டியிருக்கும். ரொட்டிக்கடைகள் பல திங்கட்கிழமை விடுமுறை விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி வழி. லியோனிலிருந்து மேற்கே ஃபோரே மலைகளைக் கடந்து ஆம்பேர் என்ற ஊருக்கும், அங்கிருந்து தெற்கே எரிமலைப் பாறைகளின் உச்சியில் தேவாலயம் நிற்கும் லு புய் நகரத்துக்கும் போங்கள். இதற்கு இரண்டு நாள். மூன்றாம் நாள் லோசேர் மலை: ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டி வைத்ததுபோல் கருங்கற்பாறைகள் கிடக்கும் புல்வெளி. உச்சி 1,699 மீட்டர்; சாலை அதற்குச் சற்றுக் கீழே முகட்டைக் கடந்து தெற்கே இறங்குகிறது. இறங்கியதும் ஃப்ளோராக். அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள் என்பது என் அறிவுரை, ஏனென்றால் இந்தப் பயணத்தின் உயிர் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஃப்ளோராக்கிலிருந்து தென்கிழக்கே சேன் ழான் து கார் வரை போகும் முகட்டுச் சாலைக்கு ‘செவென் கோர்னீஷ்’ என்று பெயர். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் புரோட்டஸ்டன்ட் வழிபாட்டுக்கு இருந்த அனுமதியை ரத்து செய்தபோது, செவென் எனப்படும் இந்த மலைகளின் மக்கள் பணிய மறுத்தார்கள். 1702-இல் ‘கமிசார்’ என்று அழைக்கப்பட்டவர்களின் ஆயுதக் கிளர்ச்சியாக அது வெடித்தது. மலைக்குள் படையையும் பீரங்கியையும் கொண்டு செல்ல அரசு அகலப்படுத்திய பாதைகளில் ஒன்றுதான் இன்று நாம் ஓட்டும் இந்தச் சாலை. பள்ளத்தாக்கில் இறங்காமல் முகட்டிலேயே ஓடுவதற்கு அதுவே காரணம்: மேலே போகும் படையை மறைந்திருந்து தாக்குவது கடினம். அந்த ராணுவக் கணக்கின் பயனாக இன்று இரு பக்கமும் நீலம் நீலமாக அடுக்கடுக்கான மலைகள் தெரிகின்றன. வளைவுகள் சீரானவை, மூன்றாம் கியரிலேயே பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். கீழே இறங்கும்போது செஸ்நட் மரங்கள் தொடங்கும். இந்த மக்கள் பல நூற்றாண்டுகளாக அந்தக் கொட்டையை உலர்த்தி மாவாக்கி உண்டு உயிர் வாழ்ந்தவர்கள். அதனால் அதை ரொட்டி மரம் என்றே சொல்வார்கள். அக்டோபரில் முள்தோலும் இலையும் சாலையில் உதிர்ந்து வழுக்கும். செப்டம்பரில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

அடுத்து எய்குவால் மலையில் ஏறி, மெய்ருயேஸ் வழியாக ழோந்த் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் இறங்குங்கள். எல்லோரும் தார்ன் பள்ளத்தாக்கைத்தான் சொல்வார்கள். எனக்கு ழோந்த் அதைவிடப் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதியிலிருந்து முற்றிலும் மறைந்துபோன வெண்பிடரிப் பாறுக் கழுகுகளை 1981 முதல் இங்கே மறுபடியும் பறக்கவிட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கான இணைகள் கூடு கட்டுகின்றன. காலை பத்து மணிக்கு முன்னதாகவே போய், பாறை விளிம்பில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். வெயில் பாறையைச் சூடாக்கத் தொடங்கியதும், உங்களுக்குக் கீழே இருக்கும் பொந்துகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பும். சிறகை அசைக்காமல் வட்டமிட்டே மேலே வரும். உங்கள் கண் மட்டத்தைக் கடக்கும்போது இரண்டரை மீட்டர் விரிந்த சிறகின் நுனியில் விரல்போல் பிரிந்த இறகுகளை எண்ணலாம். அவற்றைக் கடந்து போகும் காற்றின் ஓசை, துணியைக் கிழிப்பதுபோல் காதில் விழும். நான் அங்கே ஒரு காலைப் பொழுதையே கழித்திருக்கிறேன்.

தார்ன் பள்ளத்தாக்கு இன்னும் ஆழமானது. இடத்துக்கு இடம் 500 மீட்டர் உயரச் சுவர். ஆற்றோரச் சாலையான டி 907 பிஸ், குடைவுகள் வழியாகவும் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளுக்கு அடியிலும் போகிறது. ஆகஸ்டில் வீட்டு வேன்கள் அடைத்துக்கொள்ளும், செப்டம்பரில் வழி கிடைக்கும். பிறகு ஒப்ராக் மேட்டுநிலம்: மரமே இல்லாத புல்வெளி, கோதுமை நிறத்தில் மையிட்ட கண்களுடன் மாடுகள். இங்கே உருளைக்கிழங்கு மசியலில் புதிய பாலாடைக்கட்டியைச் சேர்த்துக் கிளறி ‘அலிகோ’ செய்வார்கள். கரண்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கினாலும் இழை அறுந்து போகாமல் வரும். அங்கிருந்து கான்தால் எரிமலைப் பகுதி. அங்கே 1,589 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரோல் கணவாய்தான் நடுமலைப் பகுதியில் வாகனம் போகும் மிக உயரமான கணவாய். குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக் கிடக்கும், செப்டம்பரில் திறந்திருக்கும். சலேர் என்ற ஊரின் பக்கத்திலிருந்து ஏறுவது நல்லது. மீதியுள்ள வழி, சான்சி மலை, கிளெர்மோன் ஃபெரான் என்று லியோன் வரை எளிதானது.

வட்டத்தை இந்தத் திசையில் சொல்வதற்கு வானிலைதான் காரணம். கோடை முடியும்போது மத்தியதரைக் கடல் சூடாக இருக்கும்; அங்கிருந்து ஈரக்காற்று வடக்கே வந்து செவென் மலைகளில் மோதி ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டும். ஒரே நாளில் 300, 400 மில்லிமீட்டர் பெய்வதுண்டு. சிற்றாறு ஒரு மணி நேரத்தில் பாலத்தின் மேல் ஏறிவிடும். செப்டம்பர் நடுவிலிருந்து இது அதிகமாகும். எனவே செவென் பகுதியை முதலில் முடித்துவிட்டு வடக்கே ஏறுங்கள். தேசிய வானிலை நிறுவனம் மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆரஞ்சு என்றால் அன்று பைக்கை எடுக்காதீர்கள். நான் எடுத்திருக்கிறேன், ஒரு தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீருக்கு முன்னால் நின்று திரும்பி வந்தேன், அந்தப் பதற்றம் இன்னும் மறக்கவில்லை.

ஓட்டுவதில் உங்களுக்கு இருக்கும் தனிச் சிக்கல் இடது பக்கப் பழக்கம். நகரத்தில் பிரச்சினை இல்லை, முன்னால் போகும் வண்டியைப் பின்பற்றிவிடுவீர்கள். ஆளே இல்லாத சாலையில், காலையில் தங்குமிடத்திலிருந்து கிளம்பும்போதும், படமெடுக்க நின்று மறுபடி கிளம்பும்போதும்தான் கை தானாக இடது பக்கம் போகும். இங்கே வந்த முதல் ஆண்டில் ஒரு பண்ணை வீட்டிலிருந்து கிளம்பி, எதிரே டிராக்டர் வரும் வரை இடது பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது கண்ணாடியில் மஞ்சள் டேப் ஒன்றை ஒட்டி, சாலையின் ஓரம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக் கிளம்புங்கள்.

இரண்டாவது, வலப்பக்க முன்னுரிமை. தனிப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலது பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே வழி. அது எவ்வளவு குறுகிய சந்தானாலும் சரி, அவர் நிற்காமல் வருவார். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை, அதன் மேல் கோடு போட்டிருந்தால் அது முடிந்துவிட்டது. சிவப்பு விளிம்புள்ள வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் வந்தால் எண் எதுவும் இல்லாவிட்டாலும் 50 தான் வரம்பு. ஊருக்கு வெளியே, நடுவே தடுப்பு இல்லாத சாலைகளில் 2018 ஜூலை முதல் 80. பின்னர் சில மாவட்டங்கள் தங்கள் சாலைகளில் 90-க்குத் திரும்பியிருக்கின்றன, எனவே பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். ‘கிராவியோன்’ என்ற பலகை வந்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்: கோடையில் தாரை உருக்கி ஊற்றி, மேலே பொடி ஜல்லியைத் தூவிவிட்டு, வண்டிகளே அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த மலைகளில் பைக்கைச் சாய்ப்பது வேகத்தைவிட இந்த ஜல்லிதான். எதிரே வரும் பைக்காரர் இடது கையில் இரண்டு விரலை விரித்துக் காட்டினால் நீங்களும் காட்டுங்கள். வழிவிட்டதற்கு நன்றி சொல்ல வலது காலை நீட்டுவார்கள், உதைக்க வருகிறார் என்று எண்ணிவிட வேண்டாம்.

தனியாகப் போவதன் ஆபத்து திருட்டோ வழிப்பறியோ அல்ல. விழுந்தால் பார்க்க ஆள் இல்லை என்பதுதான். பள்ளத்தாக்குகளில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அவசர எண் 112. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். காட்டுப்பன்றியும் மானும் அந்தி நேரத்தில்தான் சாலையைக் கடக்கும். தங்குவதற்கு ‘ஷாம்ப்ர் தோத்’ எனப்படும் விருந்தினர் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். சட்டப்படி அதிகபட்சம் ஐந்து அறைகளும் 15 பேரும்தான்; காலை உணவு வாடகையிலேயே சேர்ந்தது. பல வீடுகளில் சொல்லி வைத்தால் இரவு உணவும் உண்டு. அதில் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள், மொழி தெரியாவிட்டாலும் மேசையில் வரைபடத்தை விரித்தால் பேச்சு வந்துவிடும். வீட்டுக்காரரிடம் எத்தனை மணிக்கு எந்தக் கணவாய் வழியாக வருகிறீர்கள் என்று காலையிலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால் உங்களைத் தேட ஒருவராவது இருப்பார்.

கடைசியாக, பைக்கும் காகிதமும். 500 சி.சி. போதும், உயரமும் எடையும் குறைவாக, உங்கள் இரண்டு காலும் தரையில் படும் வண்டியாக எடுங்கள், சரிவில் தனியாகத் திருப்ப வேண்டியது நீங்கள்தான். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் ஐ.டி.பி. எனப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கொண்டு வாருங்கள். வயது, உரிமம் பெற்ற ஆண்டுகள், முன்பணத்துக்கு எந்த வகை அட்டை வேண்டும் என்பவற்றை வாடகைக் கடையிடம் முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட் இங்கே செல்லாது, ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது வேண்டும். 2016 முதல், ஐரோப்பியத் தரத்தைக் குறிக்கும் சி.ஈ. முத்திரையுள்ள கையுறையும் கட்டாயம். ஒளிரும் மேலங்கி ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் பெட்டியையும் சிறிய காற்றடிப்பானையும் கடையிலேயே கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன் ஒரு முறை அவற்றைப் பயன்படுத்திக் காட்டச் சொல்லுங்கள்.